சம்பந்தி கேட்ட கண்ணாடி

போன வாரம் திங்கட்கிழமை. காலை நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஆறாவது மணிக்கு எடுத்தேன். (எண்ணினேன். நான் எதையும் எண்ணுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா என்ன?)

மறுமுனையில் என் மகள். வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வழக்கமாக, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று சாப்பாடு பற்றிப் பேச்சே இல்லை.

"அப்பா, மாமாவுக்கு வேணும்னே பொருந்தாத கண்ணாடியக் குடுத்தீங்களா?"

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"யாரும் நேரா சொல்லல. மாமா நேத்துலருந்து யாருகிட்டயும் பேசல. அத்தை மட்டும், 'உங்க அப்பா வீட்டுக் கண்ணாடியப் போட்டதுதான் வினை'ன்னு அடுப்படியில சொல்லிக்கிட்டே இருக்காங்க. என் காதுல விழுகிற மாதிரி."

அவள் மாமா என்றால் எனக்குச் சம்பந்தி. ஓய்வுபெற்ற இன்ஜினீயர். என்னை ரைபிள் கிளப்பில் சேர்த்துவிட்டவரே அவர்தான். சமயநல்லூர் தாண்டி ஒரு தகர ஷெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏர் ரைபிளை வைத்துக்கொண்டு, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையின் கறுப்பு வட்டத்தைச் சுட வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கென்று வருடத்துக்கு ஒரு போட்டி. வென்றவர் வீட்டில் ஒரு வருடத்துக்குச் சுழற்கோப்பை.

மூன்று வருடமாக அந்தக் கோப்பை சம்பந்தி வீட்டு டி.வி. மேல்தான். மகளைப் பார்க்கப் போனால் காபி வரும். காபி குடிக்கக் குனிந்து நிமிர்ந்தால் கோப்பை தெரியும். சம்பந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தோள் துண்டை எடுத்து அதைத் துடைப்பார். அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பை எங்கள் வீட்டு டி.வி. மேல் உட்கார வேண்டும். அறுபத்தேழு வயதில் இது பேராசையா, சொல்லுங்கள்?

குறுக்கே நின்றது கை அல்ல. கை இன்னும் நடுங்கவில்லை. கண்தான்.

துப்பாக்கி சுடுகிறவன் மூன்று பொருளை ஒரே நேர்க்கோட்டில் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். குழலின் முனையில் நெல்மணி உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண். அதற்கப்பால் அட்டை. இருபது வயதுக் கண் மூன்றையும் ஒரே நொடியில் தாவித் தாவிப் பார்த்துவிடும். நம் வயதில்? ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் கைவிட்டுப் போகும்.

வெறும் கண்ணால் பார்த்தேன். அட்டை பளிச்சென்று இருந்தது. முனைத் தூண் இரண்டாகத் தெரிந்தது. படிக்கிற கண்ணாடியைப் போட்டேன். பள்ளம் தெரிந்தது, அட்டையைக் காணவில்லை. பைஃபோகல் போட்டேன். முனைத் தூண், லென்ஸின் கீழ்ப் பாதிக்கும் மேல் பாதிக்கும் நடுவில் உள்ள கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. தாடையைத் தூக்கினால் கோடு, இறக்கினாலும் கோடு. சேவல் தண்ணீர் குடிப்பது போல ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆட்டியதில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சரி, அந்த முனைத் தூண் இருக்கிற தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்துவிட்டால்?

கோரிப்பாளையத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். துப்பாக்கியோடு டவுன் பஸ் ஏறினால் இறக்கிவிடுவது கண்டக்டராக இருக்காது, போலீஸாக இருக்கும். எனவே என் நீளக் குடையை எடுத்துப்போனேன். அளந்து பார்த்திருந்தேன். குடையைத் தோளில் பொருத்தினால் அதன் நுனி, துப்பாக்கியின் முனைத் தூண் நிற்கும் இடத்தில் சரியாக நிற்கும்.

கடைக்குள் எழுத்து அட்டையைப் பார்த்துக் குடையைத் தூக்கிக் குறி வைத்தேனோ இல்லையோ, ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அல்லாவே! சார், இறக்குங்க, இறக்குங்க!" என்றார் கடைக்கார பாய். "கஸ்டமர் ஓடிருவாங்க!"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"படிக்க ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு. மனுசனுக்கு இந்த ரெண்டுதான் சார். நடுவுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"குடை நுனி இருக்கு பாய்."

"டாக்டர் சீட்டுல இல்லாத பவரப் போட்டுக் குடுத்தா, நாளைக்கே தலைவலின்னு எங்கிட்டத்தான் வந்து நிப்பீங்க. சீட்டோட வாங்க."

சீட்டு வாங்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தவறு நடந்தது.

என் கண்ணாடிக்கும் என் மனைவி கண்ணாடிக்கும் ஒரே கடை, ஒரே மாதிரிக் கூடு. போட்டிக்கு முந்தைய ஞாயிறு, ஷெட்டில் போய்க் கூட்டைத் திறந்தால்... உள்ளே அவளுடையது. பழுப்பு ஃபிரேம். காதருகில் இரண்டு பக்கமும் பொன்னிறப் பூ. டி.வி. பார்ப்பதற்கென்று டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்தது. மிகக் குறைந்த பிளஸ் பவர்.

வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினேன்.

அடடா! முனைத் தூண் மையால் கோடு போட்டது போல நின்றது. அட்டை லேசாக மசங்கியது. மசங்கட்டுமே! மசங்கினாலும் வட்டம் வட்டம்தானே? முனை மட்டும் கூர்மையாக இருந்தால் போதும். தூரத்துக்குக் கண்ணாடியே தேவைப்படாத என் கண்ணை, அவளுடைய சின்ன பிளஸ் கொஞ்சமாக இழுத்துவந்து, சரியாகக் குடை நுனியில் நிறுத்திவிட்டது!

புதிதாகச் செய்ய அவகாசம் இல்லை. போட்டிக்கு அவளிடமே இரவல் கேட்டேன்.

"கண்ணாடி போற எடத்துக்கு நானும் வாரேன்" என்றாள். "அது இல்லாம டி.வி.யில யாரு அழுகுறா, யாரு சிரிக்கிறான்னே தெரிய மாட்டேங்குது."

வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் பூப்போட்ட கண்ணாடியை மாட்டியதும் ஷெட்டே கலகலத்தது.

"அண்ணே, மதினி பொருளையெல்லாம் எடுத்து மாட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இரு மாப்ள, அடுத்த வாரம் வளையலோட வருவாரு பாரு!"

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தால் கண் லென்ஸின் மேல் மூலை வழியாகத்தான் பார்க்கும். அதற்காக மூக்குப் பட்டைக்கு அடியில் பிளாஸ்திரி ஒட்டி ஃபிரேமைத் தூக்கியிருந்தேன். பத்துக் குண்டு. நூற்றுக்கு எண்பத்தாறு. என் வாழ்நாளில் எழுபத்தைந்தைத் தாண்டியதில்லை.

அடுத்தது சம்பந்தி. துப்பாக்கியை எடுக்கப் போனவர், என் அட்டையைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க."

ஃபிரேமைக் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் போட்டிருப்பது மைனஸ் பவர். எனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது. அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. எனக்கு மருந்தாக இருப்பது அவருக்கு எப்படி ஆகும்?

"சம்பந்தி, உங்க கண்ணுக்கு இது..."

"என்ன, குடுக்க யோசனையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது. பெண்ணையே கொடுத்தவன் கண்ணாடியைக் கொடுக்க யோசிக்கலாமா? பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, சம்பந்தி கேக்குறாகள்ல? குடுங்க."

கொடுத்தேன்.

தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பூக்கண்ணாடியோடு நின்றார். முதல் குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வரிசைக்காரர் கத்தினார்.

"அண்ணே, நான் அஞ்சுதான் சுட்டேன். என் அட்டையில ஏழு ஓட்டை இருக்கு!"

அப்போதாவது கழற்றியிருக்கலாம். மாட்டார். கேட்டு வாங்கியதைப் பாதியில் கழற்றினால் கௌரவம் என்னாவது? மறுக்க எனக்கு வழியில்லை. திருப்பித் தர அவருக்கு வழியில்லை. சம்பந்தம் என்பது வேறென்ன?

ஐம்பத்தொன்று. கோப்பை எனக்கு.

கண்ணாடியை மடித்து என் மனைவியிடம் கொடுத்து, "நல்ல கண்ணாடிம்மா" என்றார். வடையும் காபியும் வைத்திருந்தார்கள். தொடாமல் போய்விட்டார். சம்பந்தி வடையைத் தொடாமல் போனால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலைதான் அந்தத் தொலைபேசி.

ரிசீவரை வைத்துவிட்டு யோசித்தேன். மன்னிப்புக் கேட்டால், வேண்டுமென்றே செய்ததாகிவிடும். கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பிச்சை போட்டதாகிவிடும். சும்மா இருந்தால், அடுப்படியில் மகள் காது புண்ணாகும். கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தேன்.

"எதுக்கு இம்புட்டு நடை?" என்றாள் மனைவி. "அவருக்கும் தோதா ஒரு கண்ணாடி பண்ணிக் குடுங்க. முடிஞ்சுபோச்சு."

"பண்ணிக் குடுத்தா அடுத்த வருசம் கோப்பை அவருக்குத்தான் போகும். வந்து ஒரு நாள்கூட முழுசா ஆகல!"

"கோப்பையா உங்களுக்குப் பேரன் பேத்தி பெத்துத் தரப்போகுது?"

செவ்வாய்க்கிழமை வில்லாபுரம் போனேன். "சம்பந்தி, எனக்குன்னு ஒரு கண்ணாடி பண்ணப்போறேன். தனியா போகச் சங்கடமா இருக்கு, துணைக்கு வாங்க" என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சட்டை மாட்டிக்கொண்டார்.

கண் டாக்டரிடம் இருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு கோரிப்பாளையம் போனோம். குடையைப் பார்த்ததுமே பாய், வாடிக்கையாளர் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவைத்தார். சோதனை ஃபிரேமில் சம்பந்தியின் மைனஸைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். சம்பந்தி என் குடையைத் தோளில் வைத்து எழுத்து அட்டையைக் குறி பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"சம்பந்தி! குடை நுனியில துரு தெரியுது! பத்து வருசக் குடையா?"

"எட்டு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, கண்ணாடி கைக்கு வந்ததும், அவரே முதலில் என்னை அழைத்துப் பேசினார். அன்று காபியோடு வடையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். எனக்கும் பூ இல்லாத ஒன்று தயாராகிவிட்டது.

நேற்று மகள் பேசினாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள். நிம்மதி.

"மாமா புதுசா நீளக் குடை ஒண்ணு வாங்கியிருக்காருப்பா. தண்ணி டேங்க்ல அட்டைய ஒட்டி வெச்சு, காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் குறி பாக்குறாரு. கண்ணாடி அம்புட்டுப் பொருத்தமாம்!"

கேட்டுவிட்டு, டி.வி. மேல் இருந்த கோப்பையைத் தோள் துண்டால் துடைத்தேன். என் மனைவி தன் பூக்கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே ஆசை தீரப் பாத்துக்கிருங்க. அடுத்த வருசம் அதப் பாக்க வில்லாபுரத்துக்கு பஸ் ஏறணும்."