நிம்பு மிர்ச்சி டீச்சர்

போன சனிக்கிழமை காலை மாட்டுங்கா சிக்னல் பக்கம் போனீர்களா? போயிருந்தால், காட்டன் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு அம்மா டாக்ஸிகளுக்கு நடுவே ஓடி ஓடி ‘நிம்பு மிர்ச்சி’ விற்றதைப் பார்த்திருப்பீர்கள். அதாங்க, திருஷ்டிக்காக வண்டியிலும் வாசலிலும் சனிக்கிழமைதோறும் கட்டுவார்களே, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த சரம்... அதேதான். அந்த அம்மாவுக்குக் குடை பிடித்தபடி ஒருத்தி நெளிந்துகொண்டு நின்றிருப்பாள்.

நெளிந்தவள் நான்!

ஓடியவர் ஜெஸி டீச்சர். செம்பூரில் எங்கள் பில்டிங்கிலேயே மேல்மாடி. தாராவிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மழையில் ரயில் நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எப்படியாவது போய்விடுவார். திருஷ்டி, சகுனம் எதுவும் கிடையாது. பூனை குறுக்கே போனால், “பாவம், பசிக்கோ என்னமோ” என்று பிஸ்கட் போடுகிற ஆள்.

அப்படிப்பட்டவர் கையில் எப்படி நிம்பு மிர்ச்சி?

எல்லாம் சரசுவால் வந்தது. அந்த சிக்னலில் வழக்கமாக இதை விற்பவள் சரசு. பிளாட்பாரத்தில்தான் குடித்தனம். காய்கறி வாங்கப் போன டீச்சர், அவள் ஊசியால் எலுமிச்சையைத் தேடிக் கடைசியில் தன் விரலையே குத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. டீச்சர் சும்மா இருப்பாரா? சர்ச் மாதர் சங்கத்தில் சொல்லி, இலவச ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்து, நாளும் வாங்கிவிட்டார். முதலில் ஒரு கண்.

சரசு ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

“சனிக்கிழமையா? முடியாது டீச்சரம்மா. எனக்கு யாவாரமே அன்னிக்குத்தான்.”

“அந்த வருமானத்தை நான் தந்திருதேன்.”

“காசு தருவீங்க. நான் நிக்கிற ஜகா? ஒரு சனிக்கிழமை நான் இல்லேன்னா வேற ஆள் வந்து நின்னுடும். அப்புறம் கண்ணு தெரிஞ்சு எதைப் பார்க்கிறது?”

நியாயமான கேள்வி. நானாக இருந்தால், “அப்ப உன் இஷ்டம்” என்று வந்திருப்பேன். டீச்சர் சொன்னது: “சரி, உன் இடத்துல நான் நிக்கேன்.”

ஆஸ்பத்திரிக்குத் துணையாக மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் போனார். சிக்னலுக்குத் துணையாக... “மீனா, நீங்க சும்மாதான இருக்கீங்க?” எழுதுகிறவர்களைப் பற்றி ஊரில் இருக்கிற அபிப்பிராயம் இது!

“டீச்சர், நீங்கதான் இதை நம்ப மாட்டீங்களே?” என்று வழியில் கேட்டேன்.

“இதை நம்பலை மீனா. ஏழையைப் பார்த்துக்கிடச் சொன்னவரை நம்புதேன்லா?”

பேச்சு அதோடு முடிந்தது. முதல் அரை மணி நேரம் ஒன்றும் விற்கவில்லை. வகுப்பெடுக்கிற குரலில் “நிம்பு மிர்ச்சி!” என்று கூப்பிட்டால் டாக்ஸிக்காரர்கள் வாங்குவார்களா? ஒருவர் பயந்துபோய் சீட் பெல்ட் போட்டுக்கொண்டார். நான்தான் ஹிந்தியில் கொஞ்சம் குழைந்து பேசி ஆரம்பித்து வைத்தேன். அப்புறம் டீச்சரும் பிடித்துக்கொண்டார்.

பிடித்த வேகத்தில், சிவப்பு விளக்குக்கு வந்து நின்ற ஒரு ஸ்கூட்டரின் முன் போய்ச் சரத்தை நீட்டினார். “பாய்சாப், நிம்பு மிர்ச்சி!”

ஹெல்மெட் கண்ணாடி மேலே போனது. உள்ளே... அவருடைய சர்ச் பாஸ்டர்.

“டீச்சர்?”

“ஐயா...”

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. இனி சர்ச்சில் இவரைப் பற்றி என்னென்ன பேசுவார்களோ என்று எனக்கும் பக்கென்றது. சிக்னல் பச்சையானது, பின்னால் ஹார்ன் அலறியது. டீச்சர் அவசர அவசரமாகச் சரசு கதையைச் சொல்லி முடித்தார். பாஸ்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“தப்பா நினைச்சிட்டாவளோ?” டீச்சர் கேட்டார். ஆனாலும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் நடந்து வந்தார். ஸ்கூட்டரை எங்கேயோ நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

“காலையிலிருந்து நிக்கீங்க. ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. அதை இங்க கொடுங்க.”

“ஐயா, சபை ஆளுக யாரும் பார்த்தா?”

“பார்த்தா அவங்களையே எனக்கு டீ வாங்கிட்டு வரச் சொல்லுவோம்.”

டீக்கடையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பிரசங்கத்தில் வெளுத்து வாங்குகிற மனிதர், ஒரு டாக்ஸிக்காரர் விலை கேட்டதும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

நாமும்தான் தர்மம் செய்கிறோம்... பழைய சேலை, மீந்த சாப்பாடு, கூடவே ஒரு போட்டோ. நம்மிடம் எது அதிகமோ அதைக் கொடுக்கிறோம். “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்கத்தான் பயம். நம் கௌரவத்தைக் கொஞ்சம் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டால்?

கட்டுப் பிரித்த பிறகு சரசுவைப் பார்க்கப் போனோம். அவள் இடம் அவளுக்கே இருந்தது. டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“டீச்சரம்மா, நீங்களா இது? குரலை வச்சுச் சின்னப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்!”

டீச்சர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். சரசு இருப்பதிலேயே பெரிய பழமாகப் பொறுக்கி, ஒருமுறைகூட விரலில் குத்திக்கொள்ளாமல் கோத்து நீட்டினாள். “வாசல்ல கட்டுங்க. என் கண்ணே பட்டுடும். புதுக் கண்ணு வேற!”

டீச்சர் என்ன செய்யப்போகிறார் என்று ஆவலோடு பார்த்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிச்சனுக்குப் போனார்.

“அன்பாத் தந்ததை வீணாக்கக் கூடாது மீனா. இந்தாங்க, குடிங்க.”

சர்பத் பிரமாதம். லேசாகக் காரம், அவ்வளவுதான்.