சாமி என்று சொல்லாத வாய்

கோழி எருவின் நாற்றம் முதலில் தலைமுடியில்தான் ஏறும். சௌந்திரத்துக்கு அது பதினெட்டு வருடப் பழக்கம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலையில் சரவணமுத்துவின் முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. அங்கே கூண்டுகளுக்கு அடியில் குவிகிற எருவை வாரி, கூடையில் சுமந்து, குழியில் கொட்டுவதுதான் அவள் வேலை. புழு நெளியும், ஈ மூக்குக்குள் நுழையும். அதையெல்லாம் அவள் அருவருப்பு என்று சொன்னதே இல்லை. தின்கிற கோழி கழியத்தானே செய்யும்? அவளுக்குக் குமட்டியது வேறு.

அவளும் ஒரு காலத்தில் முட்டை பொறுக்குகிற ஷெட்டில் இருந்தவள்தான். நிழலான இடம், கை நாறாத வேலை. அங்கிருந்து அவளை எருக்குழிக்கு இறக்கியது ஒரே ஒரு சொல்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு "சாமி" என்று சொல்லாமல் பொழுது விடியாது. பாலுக்கு அழுகிற குழந்தையும் சாமி, பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுக்கிற கிழவரும் சாமி. அதில் ஒரு குற்றமும் இல்லை, கேட்கவே இனிக்கும். ஆனால் சௌந்திரத்தின் தெருக்காரர்கள் பண்ணைக்காரரைப் பார்த்துச் சொல்கிற சாமி அந்த ஜாதியில்லை. அதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும், முதுகு வளைய வேண்டும், குரல் பாதியாகத் தேய வேண்டும்.

புருஷன் ஆண்டி இறந்து, கைக்குழந்தையாக இருந்த மகள் மோகனப்பிரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்ற வருடத்தில்தான் பாஸ்டர் ஜெபராஜ் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்தார். அவள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்த முதல் வெள்ளைச் சட்டைக்காரர் அவர்தான். "ஆண்டவரு ஒருத்தருதான். இன்னொரு மனுசங்கிட்டக் கூனி நின்னு சாமின்னு சொல்லாதீங்க" என்றார். சௌந்திரம் அதை அப்படியே நம்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரித் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் வாங்கினாள்.

மறுநாள் சரவணமுத்து ஷெட்டுக்கு வந்தார். வரிசையாக எல்லோரும் "சாமி" என்றார்கள். அவள் மட்டும் "வாங்கய்யா" என்றாள்.

"ஏம்புள்ள, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"இல்லீங்கய்யா. அந்த வார்த்த இனி ஆண்டவருக்குத்தானுங்க."

அடுத்த நாள் காலையில் மேஸ்திரி அவள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான்.

அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பண்ணையில் லைன் வீடு கிடைத்தது. காங்கிரீட் கூரை, வாசலில் குழாய், ஜன்னலுக்குக் கொசுவலை. இவளுக்கு எருக்குழியை ஒட்டின தகரக் கொட்டகைதான். அவள் வாய் திறந்து கேட்கவில்லை. சபைக்குத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போவாள். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர்கள் பாயோடு சேர்த்துக் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். ஆண்டவருக்கு மூக்கு இல்லையா என்ன, அவர் நகரவில்லையே என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த வருடம்தான் அவளுக்கு வீட்டின் மேல் ஆசை வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்த மோகனப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாவது மாதம். சோற்றுச் சட்டியைத் திறந்தால் சோறு தெரியாது, ஈதான் தெரியும். இதற்குள் பச்சைக் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? லைனில் ஒரு வீடு காலியானது தெரிந்து, சரவணமுத்துவிடம் போய் நின்றாள்.

அவர் சிரித்தார். "ஊடுதான, தந்துட்டாப் போச்சு. பழையபடி வாய் நெறய ஒருக்காக் கூப்புடு, சாவி உன்ற கையில."

சௌந்திரம் திரும்பி வந்துவிட்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். பாஸ்டர் விடவில்லை.

சரவணமுத்து சபைக்கு மூன்று சென்ட் இடம் எழுதிக் கொடுத்திருந்தார். எருக்குழிக்கு மறுபக்கம், இனாமாகக் கொடுத்தாலும் ஒருவனும் வாங்காத இடம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை அடிக்கல் நாட்டு விழா. பாஸ்டர் இப்போது காரில் வருகிறவர். கொட்டகை வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். சொம்பில் தண்ணீர் நீட்டினாள். "இப்பத்தான் குடிச்சேன் சிஸ்டர்" என்றார்.

"பண்ணைக்காரருக்கு மாலைய நீங்கதான் போடணும். அவரே கேட்டிருக்காரு. வாங்க சாமின்னு மைக்குல ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

"நீங்கதானுங்களே அப்படிச் சொல்லக்கூடாதுன்னீங்க?"

"அது அப்ப. இது ஆண்டவரோட ஊழியத்துக்கு. மனசுல இல்லாம வாயில சொன்னாப் பாவமில்ல சிஸ்டர்."

சௌந்திரத்துக்குப் பதினெட்டு வருடம் புழுவில் கை விட்டு வராத குமட்டல், மடிப்புக் கலையாத அந்தச் சட்டைக்கு முன்னால் வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் கார் கிளம்பிய பிறகு வேலியோரம் போய்க் காறித் துப்பினாள். அப்படியும் வாய்க் கசப்பு போகவில்லை.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மோகனப்பிரியா சொன்னாள்: "சொல்லித்தான் தொலையேம்மா. ஒரு வார்த்தைக்கு ஒரு ஊடு. எனக்காகச் சொல்லக்கூடாதா?"

அன்று சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் சரவணமுத்துவுக்கு மட்டும் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. பாஸ்டர் தன் துண்டாலேயே அதைத் துடைத்துவிட்டார். பிறகு மைக்கைப் பிடித்து, "எங்க சாமி மனசு எறங்கி வந்திருக்காங்க" என்று குழைந்தார். கூட்டம் கை தட்டியது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்த அதே நாக்கு! சௌந்திரம் மாலையோடு நின்றாள்.

மைக்கை அவளிடம் நீட்டினார்கள். சரவணமுத்து சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் மோகனப்பிரியா வயிற்றைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள். சௌந்திரமும் அந்த வயிற்றைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"வாங்கய்யா" என்றாள். மாலையைப் போட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் சரவணமுத்து.

"அவ்வளவுதானுங்கய்யா."

"சிஸ்டர்!" என்று பாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்க, பாஸ்டர் ஐயா. நீங்க மறந்துட்டீங்க. எனக்கு மறக்க வரமாட்டேங்குது."

கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தாள். சாவி மறுநாளே முட்டை லாரி டிரைவர் ஒருவருக்குப் போனது. மகள் அவளோடு பேச்சை நிறுத்தினாள்.

சபைக்குப் போவதை மட்டும் சௌந்திரம் விடவில்லை. ஆண்டவர் என்ன பாஸ்டர் வீட்டுச் சொத்தா?

பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். சௌந்திரம் சுற்றிலும் சுண்ணாம்பு தெளித்து, நாமக்கல் போய்ப் புதுக் கொசுவலை வாங்கிக் கட்டியிருந்தாள். ஜெபம் பண்ண யாரும் வரவில்லை. அவளே முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

மறுநாள் காலையில், வலைக்குள் எப்படியோ புகுந்த ஈ ஒன்று குழந்தையின் உதட்டில் உட்கார்ந்தது. குழந்தை வீரிட்டது. மோகனப்பிரியா பதறி வாரி எடுத்தாள்.

"அழுவாத சாமி, என்ற சாமியல்ல..."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். விசிறியோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினாள்.

"யம்மா, இவளச் சாமின்னு கூப்புடலாமா?"

"நல்லாக் கூப்புடு கண்ணு. அழுக்குப் படாம வெச்சிருக்கற வார்த்ததான்."

சௌந்திரம் விசிறியை மகளிடம் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு எரு வாரப் போனாள்.