சேவ் கொடுக்காத சனிக்கிழமை

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நெட்வொர்க் வேலை நிரந்தரமானது ஒரு பொய்யால். வீட்டில் என் திறமையால் என்று நம்புகிறார்கள். நம்பட்டும்.

நெட்வொர்க் அறையில் நாங்கள் இருவர், இருவருமே கான்ட்ராக்ட். இன்னொருவர் ஆஸ்டின் டவுனிலிருந்து வருகிற அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிள்ளைகளுக்காக வேலையை விட்டிருந்தவர், கணவர் உடம்பு முடியாமல் படுத்த பிறகு மறுபடி வந்திருந்தார். அந்த வீட்டுக்கு வேறு சம்பளம் கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர் கொண்டுவரும் எலுமிச்சை சாதத்தில் பாதி தினமும் என் தட்டில்தான் விழும்.

ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்று மேனேஜர் சொன்ன நாளிலிருந்து அந்தச் சாதத்தை அவர் முகத்தைப் பார்க்காமலே தின்றேன். ஊரில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வேலை பர்மனென்ட்தானே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். இங்கே அக்காவும் மேனேஜரும் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். ஈஜிபுராவில் நான்கு வருடம் குடியிருந்தும் எனக்கு, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்கிற 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'க்கு மேல் கன்னடம் ஏறவில்லை. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். என்ன பேசினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர்களையும் மிஷின்களையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. எதை மாற்றினாலும் அந்த நொடியே வேலை செய்யும். ஆனால் சேவ் கொடுக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். மாற்றியவர் சேவ் செய்யக் கூடாது. அடுத்தவர், ஒயர் செருகும் ஒவ்வொரு போர்ட்டாகச் சரிபார்த்துவிட்டு அவர்தான் செய்ய வேண்டும். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பது அக்காவின் கட்சி. இது எந்தத் தாளிலும் இல்லை, மேனேஜருக்கும் தெரியாது. ஆனால் அக்கா ஒழுங்குக்காரர். ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறிப்பு எழுத ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கும் இடத்தில், யார் மாற்றியது, யார் சேவ் செய்ய வேண்டியது என்று இருவர் இனிஷியலையும் போட்டுவைப்பார்.

அந்தச் சனிக்கிழமை, லேபிள் அச்சடிக்கும் பன்னிரண்டு மிஷின்களைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றினார். எல்லாம் ஓடியது. மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்தவர், கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார்.

"பாத்துட்டு சேவ் குடுத்துடு தம்பி. நாளைக்கு மெயின ஆஃப் பண்றாங்க."

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை இருந்தது. கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க வேண்டிய அந்த ஸ்விட்சின் யூபிஎஸ் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு போர்ட்டையும் பார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை. ஒரு தப்பாவது இருந்து தொலைத்திருக்கலாமே என்று கோபம்தான் வந்தது. சேவ் கொடுக்காமல் திரையை மூடிவிட்டு பஸ் ஏறினேன். மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு லேபிளும் வரவில்லை. ஸ்விட்ச் பழைய நிலைக்குப் போயிருந்தது, மிஷின்கள் புது நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருந்தன. லேபிள் இல்லாத பெட்டியை லாரியில் ஏற்ற முடியாது. கேட்டில் லாரிகள் வரிசை கட்ட, மேனேஜர் கத்திக்கொண்டே அறைக்குள் வந்தார். யார் மாற்றியது என்றார். நான்தான் என்றார் அக்கா. ஏன் சேவ் செய்யவில்லை என்றதற்கு, பதறாமல் எங்கள் ஏற்பாட்டைச் சொன்னார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தமிழ் புரியும்.

"அப்படி எதுவும் நாங்க பேசிக்கல சார். மேடமே முடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

போர்ட் குறிப்பைத் திறந்து பாருங்கள், எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றார் அவர். நானே உட்கார்ந்து திறந்தேன். ஒவ்வொரு போர்ட்டாக மேனேஜருக்குக் காட்டினேன். பன்னிரண்டு போர்ட்டிலும் குறிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. சேவ் ஆகாத மாற்றத்தோடு அதுவும் போயிருந்தது. போயிருக்கும் என்று தெரிந்துதான் அத்தனை நிதானமாகத் திறந்தேன். என் பொய்யைக் கேட்ட அதிர்ச்சியில் இருந்த அக்காவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"சரி சார்," என்றார். மேனேஜரிடம் இல்லை, என்னிடம்.

மதியத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துப் போனார். அவர் போனதும் அதே பன்னிரண்டு போர்ட்டை, அவர் செய்திருந்த அதே மாதிரி, பத்து நிமிடத்தில் மாற்றி முடித்தேன். மேனேஜர் தோளில் தட்டினார்.

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். பறித்தவன் சௌக்கியமாகத்தான் இருக்கிறான். கல்யாணம் ஆயிற்று, இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. என்னோடு வேலை பார்க்க என் வயதுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், நல்ல மனிதர். ஒருவர் மாற்றி அடுத்தவர் பார்த்துச் சேவ் செய்தால் தப்பு வராதே, அப்படி வைத்துக்கொள்ளலாமா என்று போன வாரம் கேட்டார். அதைவிட நல்ல முறை கிடையாது என்று எனக்குத் தெரியும். தான் கள்ளன் பிறரை நம்பான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே மாற்றுகிறேன், நானே சேவ் கொடுக்கிறேன், சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் கொடுக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட திரையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.