விளைக்காரன் பங்கு

காய்ந்த தென்னோலைத் தீயில் காட்டுப்பன்றி மயிர் பொசுங்குகிற வாசம்... உங்களில் யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. எனக்கு அது மூக்கை விட்டுப் போகவே இல்லை. தொண்ணூறு தாண்டியாச்சு. நான் சொல்லச் சொல்ல இளைய மகன் டைப் செய்கிறான். தப்பு இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். நான் கல்யாணமாகிப் பொன்முடி மலையடிவாரத்தில் விதுரா பக்கம் வந்த புதுசு. அரிசி கண்ணில் படுவதே அபூர்வம், மூன்று வேளையும் மரச்சீனிக்கிழங்கு, நீங்கள் சொல்கிற மரவள்ளி. அதையும் பன்றி விட்டுவைக்காது. ஒரே ராத்திரியில் ஒரு விளையையே, முழுத் தோட்டத்தையே, உழுது போட்டுவிடும். அதனால் எங்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு இல்லை, வயிற்றுப்பாடு. என் வீட்டுக்காரரிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவருடைய தாய்மாமன் ஞானமுத்து மாமாதான் வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவர்.

அவர்களுக்கு ஒரு முறை உண்டு. மயிர் பொசுக்கியதும், கறி வெட்டும் முன்னால், பன்றியின் இரைப்பையைக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே மரச்சீனியா, சேனையா, யாருடைய விளையில் மேய்ந்தது என்று கண்டுபிடித்து அந்த விளைக்காரனுக்கும் ஒரு பங்கு கொடுப்பார்கள். அவன் பாடுபட்டதைத் தின்றுதானே அது கொழுத்தது? "எனக்க விளை... இல்ல, எனக்க விளையாக்கும்" என்று சண்டையே நடக்கும். மாமா கிழங்குத் தொலியின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்தது செல்லையன் அண்ணன் ஒருத்தன்தான். பொன்முடிக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவனுக்கு வேலை. ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கம்பளி களவு போகும் என்று, அவனுடைய கறுப்புக் கம்பளி ஓரம் முழுக்கச் சிவப்பு நூல் போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. சந்தைக்கு இறங்கி வருகிற எஸ்டேட் ஆட்களிடம் வாரந்தோறும் கேட்பேன். பிறகு அவர்கள் வருவதும் நின்றது. மேலே மலைக்காய்ச்சல், யாரையும் கீழே விடுவதில்லை என்று பேச்சு. எஸ்டேட் கங்காணி ஒருத்தன் மட்டும் இறங்கி வந்து, "உனக்க அண்ணன வேற எஸ்டேட்டுக்கு மாத்தியாச்சு, பிள்ளே" என்றான். நம்பினேன்... நம்பாமல் என்ன செய்ய?

அந்த மாசியில்தான் எங்கள் வேட்டைக்காட்டில் இல்லாததெல்லாம் வரத் தொடங்கியது. செந்நாய்க் கூட்டம் கல்லாற்றங்கரை வரை இறங்கியது. கழுகு வட்டமிட்டது. ஒருநாள் வீட்டுக்காரர் நாய் மாதிரி ஒன்றைப் பார்த்தாராம். சாம்பல் நிறம், நீள மூஞ்சி, ஒல்லிக் கால். ஞானமுத்து மாமா சின்ன வயதில் திருநெல்வேலிச் சீமையில் ஆடு மேய்த்தவர். போய்த் தடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஓநாயாக்கும்டே இது. இந்த மழைக்காட்டுல இதுக்கு என்ன வேல?" என்றார்.

மழை பொய்த்ததால் மலை தாண்டி வந்திருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பன்றிகளும் அந்த வருஷம் ஏராளம், எல்லாம் கொழுகொழுவென்று. பஞ்சத்தில் கர்த்தர் கண் திறந்தார் என்று சபையில் ஸ்தோத்திரம் சொன்னோம். நானும் கண்ணை மூடிச் சொன்னேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை... பெரிய ஆண்பன்றி. எங்கள் முற்றத்தில்தான் போட்டார்கள். ஓலை கொளுத்தி மயிர் பொசுக்கியாச்சு. "இது யாருக்க விளைலே?" என்று ஒருத்தர் சத்தம் போட, எல்லோரும் சிரித்தோம். மாமா கத்தியை இறக்கினார்.

கிழங்கு இல்லை. கறுப்பாக ஒரு சுருள். தண்ணீர் ஊற்றி அலசினார். கம்பளித்துண்டு. ஓரத்தில் சிவப்பு நூல்.

என் தையல் எனக்குத் தெரியாதா?

மாமா என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்கடே" என்றார். நான் அசையவில்லை. போன சனிக்கிழமைப் பன்றியும் அதே மலையிலிருந்து இறங்கியதுதான். அதை வறுத்ததும் நான், தின்றதும் நான். 

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகாமல் ஆண்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு மலையேறினார்கள். வீட்டுக்காரர் திரும்பி வந்து சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லயத்தில் பாதி வீடு காலி. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கிடைக்காமல் செத்தவர்களை அவரவர் கம்பளியிலேயே சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். குழி தோண்டத் தெம்புள்ள ஆள் இல்லை. முழங்கால் ஆழம்தான். அண்ணன் போனது கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே... அத்தனை குழிகளில் அவனுடையது எது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர்கள் இருட்டும் வரை எல்லாக் குழிகளுக்கும் மண் போட்டுக் கல் அடுக்கிவிட்டு வந்தார்கள்.

அந்தப் பன்றியை யாரும் பங்கு போடவில்லை. கம்பளித்துண்டோடு அதை முழுசாகக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக் கேட்டோம். மிருகத்தை அங்கே வைக்க முடியாது என்றார் உபதேசியார்.

"அதுக்க உள்ள இருக்கது எனக்க அண்ணனாக்கும்" என்றேன்.

கடைசியில் எங்கள் விளையிலேயே புதைத்தோம். அவரும் அங்கே வந்து, ஆள் ஆழக் குழியின் பக்கத்தில் நின்று ஜெபம் செய்தார். கொஞ்ச நாளில் ஓநாயும் கழுகும் போய்விட்டன. அண்ணனை எங்கே அடக்கினீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுகிற இடம் அந்த மரச்சீனி விளைதான்.

இப்போது பொன்முடிக்குக் காரில் ஏறி, வெள்ளையப்பம் தின்று, செல்ஃபி எடுத்துவிட்டு மத்தியானம் இறங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். யாரும் காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் சாவதில்லை. போன வாரம் பேரன் குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ போட்டான். கொண்டை ஊசி வளைவில் செந்நாய்க் கூட்டம். "எவ்வளவு அழகு, நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று ஆளுக்கொரு ஹார்ட்.

அழகுதான். அதுகள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனாலும் மகனிடம் சொல்லி ஒரே ஒரு வரி போடச் சொன்னேன்.

"யாருக்க விளையில மேஞ்சு வருது?"

பாட்டிக்குக் குறும்பு போகலை என்று எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.