கம்பிக்கு வைத்த பெயர்

ரஷ்யாவின் தோம்ஸ்க் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். என்னையும் முப்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டவள் ரிம்மா ஒசிப்போவ்னா ஒருத்திதான்.

எண்ணெய்க் கிணற்றுப் பம்புக் குழாய்களின் உட்சுவரில் நைட்ரஜன் அயனிகளைப் புதைத்து உறுதியாக்குவது எங்கள் வேலை. அவை எங்கே, எவ்வளவு ஆழம் இறங்கும் என்று கணினியில் முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. குழாயின் நட்டநடுவில் ஒரு மெல்லிய கம்பியை மின்முனையாகப் பொருத்தினால் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும் என்றாள். அந்தக் கணக்கு பொய்த்தால் அவளுடைய பிரிவையே மூடிவிடுவதாக ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லியிருந்தார்.

முதல் குழாயை அறுத்து நான்தான் கடினம் அளந்தேன். ஒரு பக்கம் கல், எதிர்ப்பக்கம் வெண்ணெய்.

“கம்பிய ஒழுங்கா மாட்டினீங்களா, குஸ்மிச்?” என்று ஃபிட்டர்மேல் பாய்ந்தேன்.

“ஏம்மா கத்துற? ரெண்டு முனையையும் இறுக்கினேன். ‘நகரவே கூடாது’ன்னு ஒசிப்போவ்னாதான் எழுதிக் குடுத்தாங்க. வெளிய எடுக்கறப்ப வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. நிமித்தி வெச்சுட்டேன்.”

“அடப்பாவி மனுஷா! ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா?”

ரிம்மா தேநீரைக் கீழே வைத்தாள். “தப்பு என்னோடது. என் கணக்குல கம்பி வெறும் கோடு. கோடு சூடாகாது. நிஜக் கம்பி சூட்டுல நீளுமே! போக இடமில்லாம ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு.”

அதையே தலைவரிடமும் போய்ச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு குழாயில் செய்துபாருங்கள் என்றார் அவர்.

வளைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும், பழைய குழாயின் வெண்ணெய்ப் பக்கம் அப்படியே திரையில் வந்தது. இரண்டாவது குழாயில் குஸ்மிச் ஒரு முனையைத் தளர்வாக விட்டார். பன்னிரண்டு இடத்தில் அளந்தேன். எல்லாம் கல்.

அறிக்கையைப் புரட்டிய தலைவர் நிமிர்ந்தார். “பக்கத்துக்குப் பக்கம் ‘குஸ்மிச்’னு இருக்கே, என்ன இது?”

“கம்பி வளைவுக்கு நான் வெச்ச பேரு” என்றாள் ரிம்மா. “முதல் குழாயில குஸ்மிச் மூணு மில்லிமீட்டர். ரெண்டாவதுல பூஜ்யம்.”

தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிரிவு பிழைத்தது.

“அப்ப நான் கோணல்னு எழுதியே வெச்சுட்டீங்களா, ஒசிப்போவ்னா?” என்றார் வாசலில் நின்ற குஸ்மிச். முகம் சிவந்திருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஒரு பிரதி குடுங்க. வீட்டுக்காரிகிட்ட காட்டணும்” என்றார்.