மஞ்சள் கைக்குட்டை

பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் விளம்பரக் கலை பாடம் எடுக்கிறேன். பாடகர்கள் மீது ரசிகர்களுக்கு எப்படிப் பித்துப் பிடிக்கிறது, அதை எப்படி விற்பனையாக்குகிறார்கள் என்று பாடத்திட்டத்தில் மூன்று பக்கம் இருக்கிறது. கொரியப் பாட்டுக்குழுப் பையன்களின் பட அட்டையைக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டு மாணவிகள் அதைக் கேட்கிறார்கள். நான் அந்த மூன்று பக்கத்தையும் பத்து வயதிலேயே, அரியலூரில் அத்தை வீட்டு மொட்டைமாடியில் முடித்தவள். செய்முறைத் தேர்வும் உண்டு. அதைப் படுத்தபடி எழுதினேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. கணக்கு ட்யூஷன் எடுத்தார். மாமா பகலில் ஓர் ஆபீசில் எழுத்தர், திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவின் பாடகர். நல்ல குரல்தான். ஆனால் அவர் மேடையேறியதும் கூட்டத்துக்கு வீட்டில் மாட்டைக் கட்டாமல் வந்தது ஞாபகம் வந்துவிடும். மூன்று ஊர்களில் பாதியில் எழுந்து போனார்கள். உடையார்பாளையம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு அழைப்பு வந்தபோது, "இங்கயும் எந்திரிச்சுப் போனா, இனிமே மைக்கையே தொடமாட்டேன்" என்றார் மாமா. சொன்னால் செய்கிற மனிதர். அத்தைக்கு அதுதான் பயம்.

மறுநாள் பின்னக் கணக்கை ஓரம் கட்டிவிட்டு, என்னையும் சேர்த்து ட்யூஷன் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் அலறக் கற்றுக்கொடுத்தார்.

"சோறு கேக்குற மாதிரி கத்தாதீங்கடி. கடைசி ஜெயங்கொண்டம் பஸ்ஸு கண்ணு முன்னால கெளம்பிப் போவுதுன்னு நெனச்சுக் கத்துங்க."

"ஊரே சிரிக்காதா அத்தை?" என்றேன்.

"ஒருத்தி கத்துனா பைத்தியம்பாங்க. பன்னண்டு பேரு கத்துனா, பாட்டு நல்லாருக்கும்போலன்னு திரும்பிப் பாப்பாங்க."

என் பாடநூல் இதைச் சொல்ல ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறது. அடுத்து மாமாவின் பாஸ்போர்ட் அளவுப் படங்களை எடுத்துவந்தார். பன்னிரண்டு பேருக்கு ஆறே ஆறு. "எல்லாருக்கும் குடுத்தா எவளும் பத்திரமா வச்சுக்க மாட்டா." அதுவரை மாமாவை ஏறிட்டும் பார்க்காதவர்கள் அந்தப் படத்துக்காகச் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

விதி ஒன்றுதான். அத்தை மஞ்சள் கைக்குட்டையைத் தூக்கினால் மட்டுமே அலற வேண்டும். அப்போது ஒருத்தி மயங்கி விழுவாள். எங்களை ஏற்றிப்போகும் வேனின் டிரைவர் சோடா தெளித்ததும், "இன்னொரு பாட்டு!" என்று கேட்பாள். அந்த வேடம் எனக்கு. நடிப்புத் திறமைக்காக என்று பல வருடம் நம்பியிருந்தேன். தூக்குவதற்கு லேசாக இருந்தேன், அவ்வளவுதான்.

திருவிழாவில் மாமா மூன்றாம் பாட்டைத் தொடங்கும்போதே பின்வரிசை வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தது. கைக்குட்டை உயர்ந்தது. பதினோரு பேர் அலறினார்கள். நான் சடை அவிழ, கை கால் உதற, பாடத்தில் இல்லாததையும் சேர்த்து விழுந்தேன்.

"அய்யய்யோ, புள்ளைக்குச் சாமி வந்துருச்சு!" என்றாள் ஒரு பெண்.

சோடா வரவில்லை. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் கொட்டியது. வேப்பிலை முகத்தில் அடித்தது. வேன் டிரைவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். விழாக்குழுத் தலைவர் கைகூப்பி, "தாயே, என்ன கொறை வச்சோம்? வாயத் தொறந்து சொல்லு!" என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒரே வசனம்.

"இன்னொரு பாட்டு!"

தலைவர் மேடைப்பக்கம் திரும்பினார். "ஆத்தா கேக்குதுல்ல? என்னய்யா முழிக்கிற, பாடு!"

மாமா பாடினார். ஆத்தா கேட்டுக்கொண்டிருக்கையில் எவன் எழுந்து போவான்? முதல் சில பாட்டு முடியும்போதெல்லாம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தால் குட்டு வெளிப்படுமே என்று நான் கண்ணை மூடிக் கிடந்தேன். அதை, போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஏழு பாட்டு. நாலாவதிலிருந்து யாரும் என் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை. ஐந்தாவதில் கூட்டம் தானாகவே கைதட்டியது.

கடைசியாக மாமா ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். ஊர் மூச்சுவிடாமல் கேட்டது. நடுவில் ஓர் அலறல். பயிற்சி பெற்ற அலறல் இல்லை, பாதியில் உடைந்த குரல். விதியை மீறிய முட்டாள் யாரென்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அத்தை. மஞ்சள் கைக்குட்டை அவர் மடியில் கசங்கிக் கிடந்தது.

அடுத்த வருடக் கச்சேரிக்கும் அங்கேயே வெற்றிலைத் தட்டில் முன்பணம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். "இந்தப் புள்ளையையும் அழைச்சுட்டு வந்துருங்க" என்றும் சொன்னார்கள். வேனில் மாமா முன்சீட்டில் தூங்கிப்போனார். நான் மஞ்சள் ஈரத்தோடு அத்தையிடம் முறையிட்டேன்.

"கைக்குட்டையே காட்டாம நீங்க கத்திட்டீங்க அத்தை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தப்புதான்டி" என்றார்.

என் கணக்கில் தினம் பத்துத் தப்பு கண்டுபிடிக்கிறவரை ஒரு தப்பில் பிடித்துவிட்டேன் என்று, அரியலூர் வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.