பின்பக்க மூடி

எங்கள் மூன்று வயது மகளுக்கு இரண்டு 'படிக்கிற கேம்' இருந்தன. ஒன்று கனடாவிலிருந்து மைத்துனி அனுப்பியது. மற்றது மன்னார் பசாரில் நான் வாங்கியது. கனடாக் கேம் ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளை அந்த எழுத்துப் பொத்தானை அமர்த்தும்வரை பொறுமையாக இருக்கும். பசார்க் கேமுக்குப் பொறுமை கிடையாது, பாடித் தள்ளும். மகளுக்குப் பிடித்தது அதுதான். எதன் உச்சரிப்புச் சரி, எதன் வெளிச்சம் கண்ணுக்கு நல்லது என்று ஒப்பிட்டு எங்கள் ஊர் உப்புக்குளத்தில் எத்தனை பேரை அறுத்திருப்பேனோ.

பசார்க் கேமை நிறுத்தும் பொத்தான் பழுது. சும்மா கிடந்தாலும் திடீரென்று பாடும். அதனால் மாலையில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் கணவர் நகத்தால் அதன் பின்பக்க மூடியைத் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவுப் பற்றரிகள் மூன்றையும் எடுத்துவிடுவார். கனடாக் கேமின் மூடிக்குத் திருகாணி இருந்தது. அதை மட்டும் நான் ஒப்பிடவில்லை.

அன்று பற்றரிகளைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கதிரையில் மாட்டிவிட்டுத் தொழுதார். முடித்து வந்து பார்த்தால் இரண்டுதான் இருந்தன. மகள் கதிரையடியில் இருந்து இருமினாள். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. விழுங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

மாமி சோற்று உருண்டையோடு ஓடி வந்தா. மீன்முள் சிக்கினால் எங்கள் வீட்டு மருந்து அதுதான்.

"இதை விழுங்கினா இறங்கிடும், குடுங்கோ."

"இது முள்ளில்லை மாமி, தொண்டையைச் சுட்டுப்போடும்," என்று அவவின் கையைத் தட்டிவிட்டேன். கனடாக் கேம் வந்த பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது.

டொக்டருக்குக் காட்டவென்று பசார்க் கேமையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினோம். பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று அவள் மூக்கடியில் விரலை வைத்தபடியே போனேன். ஓதத் தெரிந்த துஆ ஒன்றும் வாயில் வரவில்லை.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் காத்திருந்தபோது இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்டது. மகள் என் மடியிலிருந்த கேமை எடுத்தாள். குட்டி நகத்தால் பின்பக்க மூடியைத் தள்ளினாள். உள்ளே ஒரு பற்றரி இருந்தது. வாப்பாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளே திரும்பப் போட்டு மூடியிருக்கிறாள். எங்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"இந்தாங்கோ வாப்பா, தொழுங்கோ," என்று நீட்டினாள்.

கணவர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. எழுத்து ஒன்றும் படிக்காத பிள்ளை, மூடி திறக்கப் படித்திருக்கிறாள். அந்தச் சின்ன விரல் நுனிகளில் பற்றரி மினுங்கியது. அவள் வாய் திறந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.